மேல்படியில் நின்ற அக்கா

மாலை நாலு பத்து. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி, லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடி ஏறி, கதவைத் தள்ளியதும் நான் முதலில் பார்த்தது ஒரு பெண்ணின் முதுகு. சாப்பாட்டு மேசையில் விரித்த துண்டின் மேல் நின்றிருந்தாள். என் பள்ளி ஸ்கேல் அளவுதான் உயரம். மரம். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலையாகவே இருந்தது. கூம்பாக முடிந்த கூந்தலில் நீலம் படிந்திருந்தது. இடுப்பில் இரண்டு சரம் கறுப்பு மணி. வேறு துணி இல்லை.

மேசைக்கு ஒரு பக்கம் அம்மா. மறுபக்கம் எதிர் ஃப்ளாட் லேஸ் ஆன்ட்டி, கையில் பயணப் பையோடு.

இதை இப்போது எழுதக் காரணம் நீங்கள்தான். போன வாரம் நம் பள்ளி வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். ஏதோ ஓர் அருங்காட்சியகம், கண்ணாடிப் பெட்டி, உள்ளே இதே போன்ற ஒரு மர உருவம். ‘தேராவில் ஒரு வீட்டில் இருந்ததே, அந்தப் பேய் பொம்மை, ஞாபகம் இருக்கா?’ என்று கீழே எழுதியிருந்தார். நாற்பதை நெருங்குகிறோம். நம்மில் பாதிப் பேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித்தான் போனைப் படிக்கிறோம். அத்தனை பேரும் சிரித்தீர்கள். ஒருவர் வேப்பிலைப் படம் போட்டார்.

அந்த வீடு எங்கள் வீடு. அது பேய் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். சிரிப்பதானால் படித்த பிறகு சிரியுங்கள்.

மெட்ரோ வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய துபாய் அது, தேரா பகுதி. எங்கள் கட்டடத்தின் கீழே வரிசையாக கார்கோ கடைகள். ஆப்பிரிக்க வியாபாரிகள் துணி, செருப்பு, வண்டி உதிரிபாகம் எல்லாம் வாங்கி வந்து அங்கே கட்டி எடை போடுவார்கள். பேக்கிங் டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். லேஸ் ஆன்ட்டி லாகோஸிலிருந்து வருவார். லேஸ் துணி வாங்குவார், பேல் பேலாகக் கட்டுவார், கண்டெய்னரில் ஏற்றிவிட்டுத் தானும் கிளம்பிப் போவார். வரும்போதெல்லாம் எதிர் ஃப்ளாட்டில் அவருக்கு ஒரு கட்டில். எனக்கு மாதிரித் துண்டுகள் தருவார். உள்ளங்கை அகலத்தில் மஞ்சள், ஊதா, வெள்ளை. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தேன். எந்த வீடு மாறியபோது அது போனது என்று தெரியவில்லை.

அம்மாவும் அவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அம்மாவுடையது மெதுவான பாடப்புத்தக ஆங்கிலம், அவருடையது வேகமான கடைத்தெரு ஆங்கிலம். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

“காலையில ஈரத் துணியால முகத்தைத் துடைச்சு விடணும்,” என்றார் லேஸ் ஆன்ட்டி. “ராத்திரி படுக்க வைக்கணும். வெள்ளிக்கிழமை பீன்ஸ். பெட்டியில மட்டும் போட்டு மூடிடாதீங்க.”

“என்ன பீன்ஸ்?”

அவர் பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். காராமணி.

அம்மா சிரித்துவிட்டாள். “இதையா? நாளைக்கு எங்களுக்குக் கொலு ஆரம்பிக்குது. வெள்ளிக்கிழமை இதைத்தான் அவிக்கப்போறேன்.”

“தெரியும். போன வருஷம் உங்க வாசல்ல நின்னு பாத்தேனே. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். என் ரூமுக்குப் புதுசா ஒருத்தி வந்திருக்கா. நல்லவதான். ஆனா நான் இந்தப் பக்கம் போனதும் இவளை எரிச்சுடுவா. சொல்லிட்டா. ஊருக்கு எடுத்துட்டுப் போனா அங்க என் தம்பி விக்கக் காத்துக்கிட்டு இருக்கான். நீங்கதான் இதெல்லாம் புரிஞ்சவங்க.”

எதைப் புரிந்தவள் என்று அம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் சந்தேகமே இல்லை.

அப்பா ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்தார். எங்கள் கொலுப்படி அங்கிருந்து வந்த காலி அட்டைப்பெட்டிகள்தான். அவற்றின் மேல் அப்பாவின் வேட்டியை விரித்தாலும் பக்கவாட்டில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறி தெரியும். மண்பொம்மைகளை விமானத்தில் கொண்டுவரப் பயம். ஒரு பிள்ளையார், ஒரு லட்சுமி, செட்டியாரும் அவர் மனைவியும், கழுத்து ஒட்டிய ஒரு தஞ்சாவூர் பொம்மை. மீதி இடத்தை என் பிளாஸ்டிக் மிருகங்கள் நிரப்பின.

மேல்படியில் மரப்பாச்சி. அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா ஜோடியாக வாங்கிக் கொடுத்தது. துபாய்க்கு வந்த அன்று எங்கள் பெட்டிகளில் ஒன்று வந்து சேரவில்லை. அதில் பெண் மரப்பாச்சி இருந்தது. அன்றிலிருந்து ஆண் மட்டும் தனியாக நின்றான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “இவரும் பேச்சிலரா?” என்பார்கள். மனைவியை ஊரில் விட்டு வந்தவர்களையும் அங்கே பேச்சிலர் என்றுதான் சொல்வோம், நினைவிருக்கும். அம்மா அந்தக் கிண்டலுக்குச் சிரித்ததில்லை.

அன்று லேஸ் ஆன்ட்டி படியிறங்கிப் போனதும் அம்மா மர உருவத்தைக் கையில் எடுத்தாள். கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் ஒரு சிவப்புப் பொடி அடைந்திருந்தது. மோந்து பார்த்தாள். “அவங்க ஊர்க் குங்குமம் போல.” கூந்தலை விரலால் தேய்த்தாள். “இது நம்ம சொட்டு நீலம்டி பாப்பா. வெள்ளைத் துணிக்குப் போடுறது.”

பிறகு மேல்படியில் நின்றவனையும் கையில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ரவிக்கை தைத்து மிஞ்சிய அரக்குப் பட்டுத் துண்டு புடவையானது. இடுப்பு மணியை அம்மா கழற்றவில்லை. கழுத்தில் மஞ்சள் நூல் கட்டினாள். நான் என் டப்பாவிலிருந்து வெள்ளை லேஸ் துண்டு ஒன்று கொடுத்தேன். அது முந்தானை. இருவரையும் பக்கத்தில் நிறுத்தினோம். அவள் அவனைவிட அரை விரல் உயரம்.

“பரவால்ல,” என்றாள் அம்மா. “உங்கப்பாவும் என்னைவிடக் குள்ளம்தான்.”

காலையில் முகம் துடைக்கும் வேலை எனக்கு. ஈரம் பட்டதும் அந்த மரத்திலிருந்து பழைய எண்ணெய் வாசனை வரும். தினமும் கையில் வைத்துப் பார்த்ததால் இன்றும் வரைந்து காட்ட முடியும். கூந்தலின் பின்பக்கம் உளி போன தடம் கூர்மையாக இருந்தது. ஒவ்வொரு பின்னலையும் எண்ணலாம். முன்பக்கம் அப்படி இல்லை. மூக்கு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. உதடு ஒரு மேடு. கன்னத்துக் கீறல்கள் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆற்றுக் கூழாங்கல்லைத் தொடுவது போல இருக்கும். பின்தலை புதிதாக இருக்க முகம் மட்டும் எப்படித் தேயும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் ஆன்ட்டி வந்தார். அப்பாவின் மேனேஜருடைய மனைவி. எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டுக் கொலு சரி, யார் வீட்டில் வாழைப்பழம் கறுத்திருந்தது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்தார். மேல்படியைப் பார்த்தார். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

“என்ன இது?”

“எதிர்வீட்டு நைஜீரியாக்காரங்களோடதுக்கா. ஊருக்குப் போயிருக்காங்க. அவங்க ஊர் மரப்பாச்சி.”

“அதுங்க ஊர்ல ஏது மரப்பாச்சி? பொம்மைன்னாலே பில்லி சூனியம்தான் அங்க. மூஞ்சியப் பாரு, மூக்கையே காணோம்.”

“நம்ம ஆளுக்கும்தான் மூக்கு தேஞ்சிருக்கு.”

“நம்மது தெய்வம்.”

“மரப்பாச்சி தெய்வம் இல்லக்கா. மரப்பாச்சி.”

நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, “ஆன்ட்டி, இவ ராத்திரி படுத்துத் தூங்குவா, தெரியுமா?” என்றேன்.

மேனேஜர் ஆன்ட்டி அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன் படுக்க வைக்க மாட்டார்கள். “தினம் தினம் கொலுவை முடிக்கிறியா நீ?”

“ஒப்படைச்சவங்க அப்படித்தான் சொன்னாங்க. ஒத்துக்கிட்டுத்தானே வாங்கினேன்.”

அவர் குங்குமம் எடுத்துக்கொண்டார். வெற்றிலை பாக்கைச் சோபாவிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அலுவலகத்தில் மேனேஜர் அப்பாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்பதை அப்பா கடைசிவரை சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் காலை நான் ஈரத் துணியோடு போனபோது படுக்க வைத்த இடத்தில் அவள் இல்லை.

“எங்க வச்சீங்க?” என்றாள் அம்மா.

“ஷூ ராக்ல.”

“நம்பி வந்தவளை ஷூ ராக்லயா?”

“வந்தவளா? மரம்டி அது.”

“அவனும் மரந்தான். அவனையும் எடுத்து ஷூ ராக்ல வைங்க, பாப்போம்.”

அப்பா ஜெபல் அலி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். வாசலில் நின்று, “வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுறோம்னு சார்கிட்ட சொல்லிட்டேன்,” என்றார். அவர் தலை மறைந்ததும் அம்மா அவளை எடுத்து வந்து, முகத்தைத் தானே துடைத்து, அவன் பக்கத்தில் நிறுத்தினாள்.

அப்பாவைக் கோழை என்று அன்று முடிவு செய்தேன். பல ஆண்டுகள் அப்படியே நினைத்துக்கொண்டும் இருந்தேன். எங்கள் மூன்று பேரின் விசாவும் எந்தக் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அந்த வயதில் நம்மில் யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை மாலை. காராமணி சுண்டல் அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. வீடெல்லாம் தேங்காயும் பெருங்காயமும் மணத்தது. மேனேஜர் ஆன்ட்டி வந்தார், அழைக்காமலே. மேல்படியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “இன்னும் அப்படியே இருக்கே,” என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றபடி தட்டில் தேங்காய்த் துருவலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

எதிர் ஃப்ளாட்டின் புதுப் பெண். கிறிஸ்தவ சபைக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார் போல. வெள்ளை உடை, வெள்ளைத் தலைக்கட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“என் தோழியோட சாமான் ஒண்ணு உங்க வீட்ல இருக்கு. எங்கிட்ட குடுத்துடுங்க.”

“அவங்க வந்ததும் அவங்ககிட்ட குடுக்கிறேன்,” என்றாள் அம்மா.

“அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?”

“பொம்மை.”

“பொம்மை இல்ல. அவகூடப் பொறந்தவ. அவங்க ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணு செத்துப்போச்சு. எங்க யொரூபா ஆளுங்க அப்படிச் செத்த பிள்ளைக்கு மரத்துல உருவம் செஞ்சு, உசிரோட இருக்கிற மாதிரி குளிப்பாட்டி, சோறு ஊட்டி, வச்சுக் காப்பாத்துவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஆத்மாவாம். போனதைக் கவனிக்காட்டி இருக்கிறதும் போயிடுமாம். இது அந்தச் செத்த பிள்ளை.”

மேனேஜர் ஆன்ட்டி எழுந்தே விட்டார். “கேட்டியா? பொணத்தைக் கொண்டாந்து மேல்படியில வச்சிருக்க.”

அம்மா தீட்டு பார்க்கிறவள். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே வாளித் தண்ணீர் கேட்பாள். அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளை உடைக்காரர் தொடர்ந்து பேசினார். குரல் உயரவில்லை. “எங்க வீட்லயும் ரெண்டு இருந்துச்சு. சமைக்க ஒண்ணுமில்லாத நாள்லகூட எங்கம்மா எங்கேயாவது பீன்ஸ் வாங்கிட்டு வந்து முதல்ல அதுங்களுக்கு வைப்பாங்க. நான் பசியோட நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். இவ அந்த மரத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையறா. அவளை அதுலேருந்து விடுவிக்கணும்னுதான் கேக்குறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதிவிட வேண்டும்.

மேனேஜர் ஆன்ட்டி ஆங்கிலத்தில், “நீங்க சொல்றது ரொம்பச் சரி, எடுத்துட்டுப் போங்க,” என்றார். ஆனால் தொட அவருக்கு மனமில்லை. என் பக்கம் திரும்பி, “பாப்பா, நீ எடுத்து அவங்க கையில குடு,” என்றார்.

நான் முக்காலியில் ஏறி அவளை எடுத்தேன். பட்டுப் புடவை வழுக்கியது. எல்லாரும் காத்திருந்தார்கள். நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஐ வோன்ட்,” என்றேன்.

ஒரு பெரியவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. தமிழில் வாயில் வரவில்லை. நம் எல்லாருக்கும் அப்படித்தானே, எதிர்த்துப் பேச ஆங்கிலம்தான் வரும்.

வெள்ளை உடைக்காரர் இப்போது படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார், லட்சுமி, செட்டியார், ஒட்டகச்சிவிங்கி. கையால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். “இதுங்களையும்தான் எரிக்கணும். எல்லாம் ஒண்ணுதான். உங்களுக்காகவும் ஜெபம் பண்றேன்.”

“ஒண்ணுதான்னா?” என்றார் மேனேஜர் ஆன்ட்டி. “என்ன ஒண்ணுதான்?”

“எல்லாமே.”

ஒரு நிமிடம் முன்புவரை அவர்கள் இருவரும் ஒரு கட்சி. மேனேஜர் ஆன்ட்டியின் பார்வை லட்சுமியிடமிருந்து என் மடிக்கு வந்து, திரும்ப லட்சுமியிடம் போனது.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எத்தனை வயசுல போச்சு அந்தப் பிள்ளை?”

“பல்லு முளைக்கிற வயசுன்னு சொன்னா.”

அம்மா சமையலறைக்குப் போனாள். மேடையில் பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது. கையில் தண்ணீர்ச் செம்போடு வந்து என்னை எழுப்பிக் குளிக்க அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். கிண்ணத்தோடு வந்தாள். என் சின்ன வயது எவர்சில்வர் கிண்ணம், விளிம்பில் என் பெயர் வெட்டியது. அதில் நசுக்கிய காராமணி. என் முழங்காலுக்கு முன்னால், அவள் முகத்துக்கு நேராக வைத்தாள்.

“குழந்தைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டேன்,” என்றாள். “தினமும் வச்சிருப்பேன்.”

பிறகு நிமிர்ந்து, “உக்காருங்கக்கா. இவளுக்கு வச்சாச்சு. அடுத்தது உங்களுக்குத்தான்,” என்றாள்.

மேனேஜர் ஆன்ட்டி உட்காரவில்லை.

அப்பா அதுவரை சுவரோடு சுவராக நின்றிருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெள்ளை உடைக்காரரிடம் பேசினார். அது அவருடைய கிடங்குக் குரல். “மேடம், நான் கார்கோவில வேலை பாக்கிறவன். சரக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க வந்தாத்தான் வெளிய விடுவோம். பக்கத்து ரூம்ல இருக்கேன், நல்லதுக்குத்தான் கேக்குறேன்னெல்லாம் சொன்னா குடுக்க முடியாது. அவங்க வரட்டும்.” கடைசி வாக்கியத்தை மேனேஜர் ஆன்ட்டியைப் பார்த்துத் தமிழில் இன்னொரு முறை சொன்னார். “அவங்க வரட்டும், அக்கா.”

மேனேஜர் ஆன்ட்டி போய்விட்டார். மூன்று மாடிக்கும் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

வெள்ளை உடைக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு காகிதக் கப்பில் சுண்டலை அள்ளிக்கொண்டு போனாள். அவர் பின்வாங்கினார்.

“இது படைக்காதது,” என்றாள் அம்மா. “சட்டியிலேருந்து எடுத்தேன்.”

அவர் கப்பை வாங்கிக்கொண்டார். எங்கள் வாசலில் நின்றபடியே சாப்பிட்டார். முழுவதும்.

விஜயதசமி மாலை லேஸ் ஆன்ட்டி வந்தார். பயணப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நேராக மேல்படியைப் பார்த்தார். பட்டு, லேஸ் முந்தானை, மஞ்சள் நூல், பக்கத்தில் ஓர் ஆள்.

“யார் இது?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சொன்னார்: “மாப்பிள்ளை.”

“எங்க அக்காவுக்குக் கல்யாணமா? என்னைக் கேக்காமலா?”

அம்மா ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். பொம்மை என்று நினைத்துவிட்டேன். எங்கள் மரப்பாச்சி எப்போதும் ஜோடி. இவனுக்கு ஜோடி தொலைந்துவிட்டது. தப்பாகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

லேஸ் ஆன்ட்டி அவனைச் சுற்றி வந்து பார்த்தார். “இவர் எப்போ இறந்தார்?”

“இறக்கல. அவர் பொம்மை.”

“மத்தவங்க?”

“எல்லாம் பொம்மைதான்.”

“அந்தக் குண்டா இருக்கிற புருஷன் பொண்டாட்டி?”

“செட்டியார். கடை வச்சிருப்பார். பொம்மைதான்.”

லேஸ் ஆன்ட்டி பையைக் கீழே வைத்தார். “போன வருஷம் உங்க வாசல்ல நின்னு பாத்துட்டுப் போய் அழுதேன். இந்தப் பொண்ணு இத்தனை பேரைப் பறிகுடுத்துட்டாளேன்னு. அதுவும் தும்பிக்கையோட ஒரு பிள்ளை. ஆனா ஒருத்தரையும் விடாம உடுத்தி விட்டு, விளக்கேத்தி, சோறு வைக்கிறாளே, இவகிட்ட என் அக்காவை நம்பி விடலாம்னு நினைச்சேன்.”

முதலில் சிரித்தது அப்பா. பிறகு மூன்று பேரும் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

அன்று தரையில் உட்கார்ந்து அவர் சொன்னதைத்தான் குழுவில் சிரித்தவர்களுக்கு இப்போது சொல்கிறேன். முதலில் பிறந்தவர் லேஸ் ஆன்ட்டி. ஆனாலும் அவர்தான் தங்கை. “எப்படி?” என்றார் அப்பா. “உலகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வான்னு அவதான் என்னை முதல்ல அனுப்பினா. பெரியவங்கதானே சின்னவங்களை வேலைக்கு ஏவுவாங்க?” செத்தது குழந்தை. செதுக்குவது வளர்ந்த பெண்ணாக. அந்தக் குழந்தை வாழாமல் போன வயதை மரத்துக்குக் கொடுக்கிறார்கள். சிவப்புப் பொடி ஒரு மரத்தின் கட்டையை அரைத்தது, குழந்தைக்கு உடம்பில் பூசுவது போலப் பூசுவது. முகம் தேய்ந்தது அவருடைய அம்மாவின் விரலில். தினமும் கழுவியும் ஊட்டியும் மூக்கு போய்விட்டது. அந்த அம்மா இறந்த பிறகு அந்த வேலை தங்கைக்கு வந்தது.

“அப்போ கல்யாண வயசுதான்,” என்றாள் அம்மா மெல்ல.

“வயசுதான்,” என்றார் லேஸ் ஆன்ட்டி. அக்காவை எடுத்தார். மஞ்சள் நூலைத் தொட்டார், கழற்றவில்லை. “ஆனா மாப்பிள்ளையை விட்டுட்டு எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

“எங்க ஊர்ல பொண்ணுதான் மாப்பிள்ளை வீட்டுக்கு வரணும்,” என்றார் அப்பா.

“இவளை நான் விட முடியாது.”

அம்மா மேல்படியிலிருந்து அவனை இறக்கினாள். வேட்டி முடிச்சைச் சரிசெய்தாள். “இவரு வீட்டோட மாப்பிள்ளையா போகட்டும்.”

“உங்கப்பா வாங்கிக் குடுத்ததுடி,” என்றார் அப்பா.

“எத்தனை வருஷந்தான் பேச்சிலராவே நிப்பாரு?”

அன்றிரவு படுக்க வைக்க வேண்டிய மரப்பாச்சி எங்களிடம் இல்லை. செட்டியாரைப் படுக்க வைத்துக் கொலுவை முடித்தோம்.

அடுத்த நவராத்திரிக்கு மேனேஜர் ஆன்ட்டி வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு வந்தார். சுண்டலில் உப்பு சரியாக இருக்கிறது என்றார். அப்பாவின் விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேஸ் ஆன்ட்டி இன்னும் சில முறை வந்தார், அக்காவும் மாப்பிள்ளையும் நலம் என்றார், பிறகு வருவது நின்றுவிட்டது. எங்களிடம் இருந்தது கீழே ஒரு கார்கோ கடையின் எண்தான். அந்தக் கடையும் இப்போது இல்லை.

நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்தில் கீறல் இருக்கிறது, மூக்கு தேய்ந்திருக்கிறது. யாரோ ஒரு தாய் பல ஆண்டுகள் அந்த முகத்தைக் கழுவியிருக்கிறாள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகு யாரும் கழுவவில்லை. யாரும் ஒரு பிடி காராமணி வைக்கவில்லை. அந்தப் படத்தில் பயப்பட ஏதாவது இருக்கிறதென்றால் அதுதான். பேய் பொம்மை என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குழுவிலிருந்து விலகவும் மாட்டேன். அடுத்த முறை யாராவது அப்படி எழுதினால் அடுத்த முறையும் மறுத்து எழுதுவேன்.

அம்மா இப்போது மதுரையில் இருக்கிறாள். வேறு மரப்பாச்சி வாங்கவில்லை. கொலுவில் மேல்படி காலியாக இருக்கும். போன நவராத்திரி வெள்ளிக்கிழமை நான் போயிருந்தேன். அந்தப் படியில் என் பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணம் இருந்தது, அதில் நசுக்கிய காராமணி.